ஓனர் இன்னும் வரவில்லை

வண்டிகளைப் பதிவு செய்யும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரே தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பாரம் எழுதிக் கொடுக்கிறவன் நான். ஷோரூமை விட்டுச் சிரித்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் என்னிடம் வந்து சேரும்போது முகம் மாறியிருப்பார்கள்.

நீங்களும் பைலைத் தலைக்குக் குடையாகப் பிடித்து அந்த வரிசையில் நின்றிருப்பீர்கள். இப்போது பைக், கார் என்றால் வாங்கிய இடத்திலேயே வேலை முடிந்துவிடும். லாரி அப்படியில்லை. எஞ்சினும் அடிச்சட்டமுமான வெறும் சேசிஸாக வாங்கி, பாடி கட்டி, இருபதாம் நம்பர் பாரம், விற்பனைச் சான்று, கம்பெனி கொடுத்த தகுதிச் சான்று, பாடி கட்டியவர் கொடுத்த சான்று, இன்சூரன்ஸ், முகவரிச் சான்று எல்லாம் வைத்து, வண்டியையும் நேரில் காட்ட வேண்டும். அதுவும் தற்காலிகப் பதிவு முடிவதற்குள். மோகனூர் தங்கவேலு அண்ணனுக்கு ஒருமுறை நீட்டித்த பதிவு அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. பதினெட்டு வருஷம் அடுத்தவர் லாரியை ஓட்டியவருக்கு இது முதல் சொந்த லாரி. சனிக்கிழமைக்கு முதல் லோடும் பேசி வைத்துவிட்டார். நம்பர் வராவிட்டால் அந்த லோடு வேறு வண்டியில் ஏறிவிடும்.

குடியிருக்கும் இடம்

முகவரிச் சான்று கேட்டேன். அண்ணன் ஆதார் அட்டையை நீட்டினார். அதில் இருந்தது பழைய முதலாளியின் லாரி ஷெட் விலாசம். இதைக் கொடுத்தால் உங்கள் வண்டி அவர் ஷெட்டு விலாசத்தில் பதிவாகும், வேறு ஏதாவது இருக்கிறதா என்றேன். சட்டைப் பைக்குள்ளிருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்து மோகனூர் வீட்டு விலாசம் போட்ட வாக்காளர் அட்டையை எடுத்தார். இதை ஏன் முதலிலேயே கொடுக்கவில்லை என்று கேட்டதற்கு, பொய்ச்சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி தயங்கினார்.

“மாசத்துக்கு ரெண்டு நாள்தானுங்க ஊட்டுக்குப் போறன். நாளைக்கு ஆபீசரு அங்க வந்து தேடுனா நானிருக்க மாட்டனே?”

நல்ல நாள்

திங்கட்கிழமையே தாள்கள் தயார். நாளைக்கே வண்டியைக் கொண்டு வாருங்கள் என்றேன். அவர் மனைவி சரஸ்வதி அக்கா தலையை ஆட்டிவிட்டார். செவ்வாய் ஆகாது, புதன் அஷ்டமி, வியாழன் நவமி. மிச்சமிருந்தது கெடு முடியும் வெள்ளி. அன்றைக்கு ஏதாவது தடங்கல் வந்தால் மறுநாள் பஞ்சாங்கம் காப்பாற்றாது என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

“பதனெட்டு வருசம் பொறுத்துட்டமுங்க. நாலு நாள் பொறுக்க மாட்டமுங்களா?”

நெற்றி

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி வந்தது, மாலையும் எலுமிச்சம்பழமுமாக. சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அச்செடுத்துப் பாரத்தில் ஒட்ட வேண்டும். தேய்த்தேன். கருப்பு மட்டும் வந்தது, நம்பர் வரவில்லை. குனிந்து பார்த்தால், இரும்பில் வெட்டியிருந்த நம்பர் முழுக்கச் சந்தனம் அப்பி, மேலே வரிசையாகக் குங்குமம் வைத்து, அது காய்ந்து கல்லாகிக் கிடந்தது. பட்டறையில் மெக்கானிக் ஒருவர் வண்டிக்கு உயிரே இந்த நம்பர்தான் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளையாருக்குக்கூட அவ்வளவு சந்தனம் இல்லை. மண்ணெண்ணெய்த் துணியோடு வண்டிக்கு அடியில் நான் படுத்திருக்க, அக்கா மேலே நின்று கேட்டார்.

“உசுருன்னு சொன்னா, வெறும் நெத்தியா உட முடியுமுங்களா?”

ஓனர் யார்?

மதியத்துக்குள் ஒருவழியாக வண்டி வரிசையில் நின்றது. இன்ஸ்பெக்டர் சுற்றி வந்தார். லைட், ஹாரன், பிரேக் எல்லாம் சரி. நம்பரையும் அச்சையும் ஒத்துப் பார்த்தார், அதுவும் சரி. கடைசியாக, “ஓனர் யாருப்பா?” என்றார்.

தங்கவேலு அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “ஓனரு இன்னும் வரலீங்க சார். நான் டிரைவருங்க” என்றார்.

பதினெட்டு வருஷம் ஒவ்வொரு செக்போஸ்டிலும் சொன்ன பதில், வாய் தானாகச் சொல்லிவிட்டது. இன்ஸ்பெக்டர் பைலை அவர் கையிலேயே கொடுத்து, ஓனரைக் கூட்டி வாருங்கள் என்று அடுத்த வண்டிக்கு நகர்ந்தார். அண்ணனும் பைலை வாங்கிக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பி நின்றார். நிஜமாகவே யாரோ வரப்போவது போலப் பார்த்தார். வரிசை ஓரத்தில் நின்ற நான் ஓடி வருவதற்குள் சரஸ்வதி அக்கா இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றுவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் அந்த லாரிக்கு நம்பர் கிடைத்தது என்றால், அதற்குக் காரணம் நான் எழுதிய பாரம் எதுவும் இல்லை, அக்கா சொன்ன இதுதான்:

“ஓனரு வந்து ரொம்ப நேரமாச்சுங்க சார். அவருக்குத்தான் இன்னும் தெரியலீங்க.”

இப்போதெல்லாம் லாரிப் பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு வரும் டிரைவர்களுக்கு, பட்டியலின் கடைசி வரியில் ‘மனைவி, நேரில்’ என்றும் சேர்த்து எழுதிக் கொடுக்கிறேன்.