சத்தம் வந்தால் சரியாகிவிட்டதாம்

மெர்சிக்கு முதுகு வலித்ததைப் பற்றி ஐயாசாமிக்குக் கவலையே இல்லை. வலி வந்தவர்கள் நூல் பெட்டி தூக்க மாட்டேன் என்கிறார்களே, அதுதான் அவருடைய கவலை. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் அவர் லேபர் ஆபீசர். மெர்சி அங்கே நூலைக் கூம்பு வடிவக் கோன்களில் சுற்றும் பகுதியில் பதினோரு வருடமாக வேலை செய்தாள்.

அவள் வால்பாறையில் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். தேயிலை மூட்டை சுமந்தே கூனிப்போன அம்மாவைப் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தபோது, இனிமேல் மேடு ஏறவும் வேண்டாம், சுமை தூக்கவும் வேண்டாம் என்று நினைத்தாள். மேடு ஏற வேண்டாம் என்பது மட்டும்தான் பலித்தது. நூல் கோன் அடுக்கிய பெட்டி நாற்பது கிலோ. ஒரு ஷிப்டுக்கு ஐம்பது அறுபது தடவை தூக்க வேண்டும். அதற்கென்று ஒரு தள்ளுவண்டி இருந்தது. சக்கரம் உடைந்து ஏழு மாதமாக மூலையில் கிடந்தது.

கேளுங்கள் இந்த அநியாயத்தை. ஒரு சக்கரத்தை மாற்ற அந்த மில்லுக்கு வழியில்லை. ஆனால் பெண்களின் முதுகெலும்பை நேராக்க அமெரிக்காவில் படித்த டாக்டர் வந்துவிட்டார். சசிதர், முதலாளியின் தங்கை மகன். முப்பது வயதிருக்கும். கைரோபிராக்டிக் படித்துவிட்டு கோயமுத்தூர் திரும்பி ஆறு மாதம் ஆகியிருந்தது. மருந்தில்லை, ஊசியில்லை, கையாலேயே முதுகைச் சரிபண்ணும் வைத்தியம். பெண்கள் அவருக்குச் சுளுக்கு டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். கால் முதலில் வரப் பிறந்தவர்தான் சுளுக்கு எடுப்பார் என்பதால், "டாக்டரு காலு மொதல்ல வரப் பொறந்தவருங்களா?" என்று மெர்சியோடு வேலை செய்யும் மாசாணியம்மாள் கேட்டே விட்டாள். அவர் சிரித்துவிட்டு, இல்லை என்றார்.

தொண்ணூற்றேழு ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை, கேன்டீனில் மேசை போட்டு, திரை கட்டி முகாம். ஐயாசாமி நோட்டும் பேனாவுமாக மேசைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். அவர் கண்டுபிடித்த கணக்கு மிக எளிது. முதுகில் சடக்கென்று சத்தம் வந்தால் சரியாகிவிட்டது. பெயருக்கு நேராக 'தயார்' என்று எழுதுவார். திங்கட்கிழமையிலிருந்து முழுச் சுமை. மாட்டேன் என்பவர்களுக்கு 'வேலை மறுப்பு'. மூன்று தடவை அப்படி எழுதினால் வேலை போய்விடும். மெர்சிக்கு ஏற்கெனவே இரண்டு இருந்தது.

மாசாணியம்மாள் முதலில் படுத்தாள். சடக். ஐயாசாமியின் பேனா ஓடியது. டாக்டர் அவளிடம் நிதானமாகச் சொன்னார்: "எலும்பு எதுவும் எடம் மாறி உக்காரலீங்கக்கா. மூட்டுக்குள்ள இருக்கற காத்துதான் அப்படிச் சத்தம் போடுது. ரெண்டு நாளைக்கு ஒடம்பு நோகும், பயப்படாதீங்க. வெயிட் தூக்காதீங்க. ஒரு தடவையில தீராது, இன்னும் நாலஞ்சு தடவை பாக்கோணும்." இதில் ஒரு வார்த்தையாவது அந்த ஆபீசர் காதில் விழுந்ததா? சத்தம் மட்டும் நன்றாக விழுந்தது.

மெர்சி முறை வந்தது.

"காலு மரத்துப் போகுதுங்களாக்கா?"

அவள் நோட்டைப் பார்த்தாள். "பரவாயில்லைங்க."

"ராத்திரி தூக்கம் வருதுங்களா?"

"பரவாயில்லைங்க."

நம் ஊர் மரியாதை இருக்கிறதே, அது மாதிரி ஒரு கேடு கிடையாது. கழுத்தை நெரித்தாலும் பரவாயில்லைங்க என்போம். டாக்டருக்குப் புரிந்தது. ஐயாசாமியைத் திரைக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் மெர்சிக்கு வாய் திறந்தது. இடுப்பில் தொடங்கி இடது கால் வரை இழுக்கிறது, செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரிவதில்லை என்றாள்.

டாக்டர் அவள் காலைத் தூக்கிப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி ஊசி முனையால் லேசாகத் தொட்டார். இடது பெருவிரலில் தொட்டது அவளுக்குத் தெரியவில்லை. குதிகாலில் நிற்கச் சொன்னார். இடது பாதம் எழும்பவே இல்லை.

"நரம்பு அழுந்துதுங்கக்கா. இன்னிக்கு உங்க முதுகுல நான் கை வைக்க மாட்டேன். வெச்சா தப்பு. மொதல்ல எக்ஸ்ரே எடுத்து நரம்பு டாக்டரைப் பாருங்க, எழுதித் தாரேன். ஒண்ணுக்குப் போறது அடைச்சாலோ, ரெண்டு காலும் சோர்ந்தாலோ ஒரு நிமிசம் நிக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. பெட்டி மட்டும் தூக்கவே கூடாது."

பதினோரு வருடத்தில் அவள் உடம்பைப் பற்றி அவளிடமே ஒருவர் இப்படி விளக்கிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மெர்சிக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

திரையை விலக்கியதும் ஐயாசாமி கேட்டார். "என்னங்க தம்பி, சத்தமே கேக்கலியே?"

"அவங்களுக்குப் பண்ணக்கூடாதுங்க. வெயிட்டும் தூக்கக்கூடாது."

"எல்லாம் நடிப்புங்க தம்பி. இவங்களை எனக்குத் தெரியாதுங்களா? உங்க மாமாகிட்ட நான் பேசிக்கறேன்." நோட்டில் எழுதினார். 'வேலை மறுப்பு.' மூன்றாவது.

மாமா என்ற வார்த்தையைக் கேட்டதும் அமெரிக்கப் படிப்பு தலையைக் குனிந்துகொண்டது.

வரிசையில் நின்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். ஐயாசாமிக்கு வீம்பு ஏறியது. "எனக்குந்தான் இடுப்பு வலி. நான் படுக்கறேன், எல்லாரும் பாருங்க. பயந்து சாகறீங்க!" சட்டையைச் சரிசெய்துகொண்டு மேசையில் ஏறிப் படுத்தார். டாக்டர் கேள்வி கேட்டபோது, "அதெல்லாம் எதுக்குங்க, தட்டுங்க" என்றார். டாக்டர் விடவில்லை. எல்லாம் கேட்டு, காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார். சடக்கென்ற சத்தம் கேன்டீன் கடைசி வரை கேட்டது.

"ரெண்டு நாளைக்கு வெயிட் தூக்காதீங்க" என்றார் டாக்டர்.

"சேச்சே, தூக்குவனுங்களா தம்பி!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கினார் ஐயாசாமி.

மெர்சி மாசாணியம்மாளைப் பார்த்தாள். வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாசாணியம்மாளும் இன்னும் இருவரும் வாசலோரம் இருந்த நூல் பெட்டியைக் காலாலேயே தள்ளிக்கொண்டு வந்து ஆபீசர் முன்னால் நிறுத்தினார்கள்.

"ஏனுங்க சார்," என்றாள் மெர்சி. "உங்களுக்குத்தான் சத்தம் வந்திருச்சுங்களே. தூக்குங்க."

"டாக்டரே வேண்டாங்கறாரு, காதுல உழுகலியா?"

"எனக்கும் அவருதானுங்க வேண்டாம்னாரு."

அவள் நோட்டை எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

"உங்க பேரையும் எழுதி நேரா வேலை மறுப்புன்னு போடுங்க. இல்லீன்னா எம்பட பேருக்கு நேரா இருக்கறதை அடிச்சுப்போடுங்க. ரெண்டுல ஒண்ணு செய்யுங்க சார், நான் நிக்கறேன்."

ஐயாசாமி டாக்டரைப் பார்த்தார். இந்தத் தடவை டாக்டர் தலையைக் குனியவில்லை. "அடிங்க சார். எதுக்குன்னு கீழ நான் எழுதிக் கையெழுத்துப் போடறேன். மாமாகிட்டயும் நானே சொல்லிக்கறேன்" என்றார்.

ஐயாசாமி மூடியைத் திருகிப் பேனாவைத் திறந்து, மெர்சி பேருக்கு நேராக இருந்த 'வேலை மறுப்பு' மேல் ஒரு கோடு போட்டார். ஒற்றைக் கோடு போதாது என்று மெர்சி சொன்னாள். அவர் இன்னொரு கோடும் போட்டார்.