நல்ல தண்ணின்னா எந்தத் தண்ணி?

பாய்லரக்கா சத்தமாத்தான் பேசுவா. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல இருபத்திரண்டு வருஷமா பாய்லர் பாக்குறவ. அந்த இரைச்சல்ல மெல்லப் பேசினா ஒருத்தருக்கும் கேக்காது. வீட்டுல "சொம்பை எடு"ன்னு சொன்னா மூணு வீடு தள்ளி எடுத்துக் குடுப்பாங்க. அப்படிப்பட்டவ மீன் விஷயத்துல ரெண்டு மாசம் வாயடைச்சுப் போய் உக்காந்திருந்தா.

சலவைக்கூடத்து மேனேஜர் ரூமைக் காலி பண்ணப்ப, மூணடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒண்ணைத் தூக்கி வெளிய போட்டாங்க. நூறு லிட்டர் பிடிக்கும். புருஷனும் அவளுமா தள்ளுவண்டியில ஏத்திட்டு வந்து ஜன்னலோரம் வச்சாங்க. அதுல பேத்தை மீன்தான் விடணும்னு அவளுக்கு ஒரே பிடி. பல் டாக்டர் கிட்ட போனப்ப அங்க ஒண்ணைப் பாத்திருக்கா. உருண்டைத் தலை, தனித்தனியா சுத்துற கண்ணு, கோவம் வந்தா பந்தா உப்புற வயிறு. "இது மீனே இல்ல, எங்க சூபர்வைசர்!"

கடைக்காரன் கிட்ட ஒரே கேள்விதான் கேட்டா.

"நல்ல தண்ணிதானே?"

"நல்ல தண்ணிதாங்க்கா."

பச்சை முதுகுல கரும்புள்ளி போட்டது மூணு வாங்கினா. மூணே வாரத்துல வயிறு கறுத்து, மூலையில ஒதுங்கி, ஒண்ணொண்ணா மல்லாந்துடுச்சு. இன்னும் மூணு வாங்கினா. அதே கதி.

புருஷனோட அக்கா, இவ 'அண்ணி'ன்னு கூப்பிடுறவ, அவங்க கூடத்தான் இருக்கா. தையல் வேலை. நூல் கோக்க வெளிச்சம் பத்தாம அந்த ஜன்னலோரத்தைக் கேட்டா. நியாயமான கோரிக்கைதான், யாரும் மறுக்க முடியாது. ஆனா கேட்ட விதம் இருக்கே! "ஆஸ்பத்திரியில வேலை பாத்துப் பாத்து, இவ கைக்கு வந்ததெல்லாம் நேரா பிணவறைக்குப் போகுது."

சாப்பாட்டுத் தட்டு முன்னாடி பஞ்சாயத்து முடிஞ்சது. இன்னும் ஒரே தடவை. முப்பது நாள் எல்லா மீனும் உசுரோட இருந்தா தொட்டி இருக்கும். ஒண்ணு போனாலும் தொட்டி தெருவுக்கு. புருஷன் அக்கா பக்கமும் பொண்டாட்டி பக்கமும் தலையாட்டினான். கூட்டம் நடத்தினவனுக்குத் தெரியும், தீர்மானமெல்லாம் இந்த மாதிரி தலைங்களாலதான் நிறைவேறுது.

மறுநாள் பாய்லருக்குப் போற தண்ணிய வழக்கம்போல சோதிச்சா. பேனா மாதிரி ஒரு மீட்டர். முக்கினா, தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டும்.

"நல்ல தண்ணிதானேக்கா, திறந்து விடவா?"ன்னான் ஃபிட்டர்.

"குடிக்கக் கேக்குறியா, பாய்லருக்குக் கேக்குறியா?"

கேட்டவ அப்படியே நின்னுட்டா. குடிக்கிறவனுக்கு ஒரு நல்ல தண்ணி, பாய்லருக்கு வேற நல்ல தண்ணி. அப்ப மீன்காரனுக்கு எது?

ஷிப்ட் முடிஞ்ச கையோட கடைக்குப் போய், புள்ளி மீன் தொட்டியில மீட்டரை முக்கினா. வீட்டுக் குழாயில இருநூறு காட்டுறது, இங்க ஏழாயிரம்!

"ஏம்ப்பா, நல்ல தண்ணின்னியே!"

"நல்ல தண்ணிதாங்க்கா. வாரா வாரம் மாத்துறேன். பாருங்க, பளிங்கு மாதிரி இருக்கு."

"உப்புப் போட்டியா?"

"பின்ன? போடலைன்னா செத்துடுமே!"

அவ கேட்டது உப்பில்லாத தண்ணி. அவன் சொன்னது அழுக்கில்லாத தண்ணி. யாரும் பொய் சொல்லல. ஆறு உசுரு போச்சு.

அதுக்கப்புறம் அவ மீன் வாங்கல, விசாரணை நடத்தினா. உப்பே தேவையில்லாத, கோடு போட்ட பேத்தை ஒண்ணைக் கடைக்காரன் காட்டினான்.

"வளந்தா எவ்வளவு வரும்?"

"ஒண்ணரை அடி."

"தொட்டி அகலமே ஒரு அடிதான்யா. அது திரும்புறதுக்கு நான் சுவத்தை இடிக்கவா?"

கடைசியா பட்டாணிப் பேத்தை. முழுசா வளந்தாலே ஒரு அங்குலம். அது இருந்த தொட்டியில மீட்டர் இருநூத்திப் பத்து காட்டுச்சு. ஆம்பளைங்க ரெண்டு சேந்தா அடிச்சுக்கும்னான். வயித்துல கருங்கோடு இருக்கிறது ஆம்பளை. சரி, ஒரு ஆண், அஞ்சு பெண். "என் கண்ணு முன்னாடி தின்னாத்தான் எடுப்பேன்"னு நின்னா. குட்டி நத்தைங்களைப் போட்டான். பாஞ்சு வந்து கொத்துச்சுங்க. வயிறு ஒட்டிக் கிடந்த ரெண்டை ஒதுக்கிட்டு மத்ததுல ஆறு எடுத்தா.

ஒண்ணு வாலை ஒண்ணு கடிச்சுக்காம ஒளிஞ்சுக்க அடர்த்தியா செடி நட்டா. செடிக்காக மேல நல்ல விளக்கா மாட்டினா. காஞ்ச தீனியை அதுங்க சீந்தல. பக்கெட்டுல நத்தை வளத்தா. "இனி நத்தைக்கும் நான்தான் வடிச்சுக் கொட்டணுமா?"ன்னு அண்ணி நொடிச்சா. ஆனா ரெண்டாவது வாரமே தையல் மெஷினைத் தொட்டிப் பக்கத்துல இழுத்துப் போட்டுக்கிட்டா. விளக்கு வெளிச்சத்துக்காகத்தானாம்.

முப்பதாம் நாள் அண்ணி மூக்குக்கண்ணாடியை மாட்டிட்டு எண்ண உக்காந்தா. எண்ணினா. மறுபடி எண்ணினா. குதிச்சு எழுந்தா.

"ஏழு இருக்குடா தம்பி! செத்ததை மறைக்கத் திருட்டுத்தனமா வாங்கி விட்டிருக்கா. ஒண்ணு கூடிப்போச்சு. இது கள்ள ஓட்டு!"

பாய்லரக்கா ஓடி வந்து பாத்தா. செடிக்கு நடுவுல மிளகளவு ஒரு உருண்டை. அதுக்கும் ஒரு வால்.

"அண்ணி, இந்த அளவுல எந்தக் கடையில விக்கிறான்? இங்கயே பொறந்தது, நம்ம வீட்டுல!"

அவ போட்ட கூச்சல்ல எதிர்வீட்டு ஜன்னல் திறந்துச்சு. புருஷன் முதல் தடவையா ஒரே பக்கம் தலையாட்டினான், பொண்டாட்டி பக்கம்.

அண்ணி மட்டும் தொட்டிக் கண்ணாடியில மூக்கை வச்சபடி இருந்தா. "ஏன்டி, பெருசுங்க இதைத் தின்னுடாதா?"

"விட்டா தின்னுடும், அண்ணி."

"அப்ப என்ன வாயைப் பாத்துட்டு நிக்கிற? இதுக்குத் தனியா ஒரு தொட்டி வாங்கிட்டு வா. என் கட்டில் பக்கத்துல வை."