பென்ஷனுக்கு மூன்று வருடம்

உள்ளறையில், தகரத்தின் மேல் தானியம் கொட்டும் சத்தம் கேட்டது. மருதாசலம் பேச்சை நிறுத்தினான்.

"ஏப்பா ராசப்பா, பெட்டீல துணிதான வெப்பாங்க? உன்ற ஊட்டுல என்னத்தக் கொட்டறாங்க?"

ராசப்பன் எட்டிப் பார்த்தான். பட்டாளத்தில் அவனோடு ஊர் ஊராகச் சுற்றிய தகரப்பெட்டியில் அவன் மனைவி பாவாயி விதைக் கேழ்வரகை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவனுடைய காக்கி உடுப்புகள் தரையில் கிடந்தன.

"எலித் தொந்தரவுங்கண்ணா," என்றாள் உள்ளிருந்தபடியே. "இதுக்குள்ளயின்னா எலி நொழையாது."

"எலியவிட நீ மோசம் அம்மிணி. சிப்பாயோட பெட்டியவே புடிச்சுட்டியே!"

ராசப்பன் சிரிக்கவில்லை. மீசை அரும்பிய வயதில் அப்பனிடம் கோபித்துக்கொண்டு பெங்களூர்ப் பட்டாளத்தில் சேர்ந்தவன். ஆறுகளில் பாலம் கட்டினான். வடக்கே எல்லைப் பனியில் நடந்தான். ஒப்புக்கொண்ட காலம் இப்போது முடிந்துவிட்டது. மறுபடி கையெழுத்துப் போட்டு மூன்று வருடம் இருந்தால் சாகும்வரை பென்ஷன். போடுவதானால் இன்றே சேலத்தில் ரயிலேற வேண்டும். கூட்டிப்போகத்தான் சக சிப்பாய் மருதாசலம் ஆட்டையாம்பட்டியிலிருந்து வந்திருந்தான்.

ஆனால் ராசப்பனை அரித்தது வேறொன்று. கிணறு பங்காளிகளுக்குப் பொது. முறை தப்பினால் தண்ணீர் அடுத்தவனுக்கு. நேற்றுக் காலை தன் முறைக்குக் கவலையில் தண்ணீர் இறைக்க அவனே மாடுகளை ஓட்டினான். தண்ணீர் மொண்ட தோல்சால் மேலே வந்து கொட்டியதும் மாடுகள் சரிவிலிருந்து பின்னால் நடந்து மேடேற வேண்டும். அவன் பட்டாளத்துக் குரலில் அதட்ட, அவை மிரண்டு நின்றன.

"மாட்டையா சலாம் வெக்கச் சொல்றே?" என்று பங்காளி சின்னுசாமி வரப்பிலிருந்து சிரித்தான்.

கடைசியில் பாவாயி ஓடிவந்து, மாடுகளுக்குப் பழகிய இறைப்புப் பாட்டில் இரண்டு அடி பாடினாள். மாடுகள் நடந்தன. பொம்பளை இறைப்பதா என்று ஊர் கேலி பேசிய வருடங்களிலெல்லாம் இறைத்தவள் அவள்தான். ஆனால் அதற்குள் முறை முடிந்துவிட்டது. மிளகாய்ச் செடிகளில் பாதி தண்ணீரே காணவில்லை.

"மூணு வருசந்தானே, கண்ண மூடித் தொறந்தாப் போயிரும்," என்றான் மருதாசலம்.

"போகத்தான் வேணும்போல. மாடுகூட என்ற பேச்சக் கேக்கல. இங்க இருந்து நான் என்ன பண்ண?"

பாவாயி நிலைப்படியில் வந்து நின்றாள். "மாட்டுக்கு உங்க கொரல் புதுசுங்க. நாலு நாளைக்கு நான் கூட நின்னாப் பழகிக்கும். இன்னும் மூணு வருசமுன்னா…" தொண்டையைச் செருமினாள். "எனக்குத்தான் கொரலே இல்லீங்க. நேத்து ரெண்டு அடி பாடறதுக்குள்ள தொண்டை அடச்சுருச்சு."

ராசப்பன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். கல்யாணமான புதிதில் கேட்ட குரலா இது! கிணற்று மேட்டில் வெயிலிலும் பனியிலும் தனியே கத்திக் கத்தி, ஐயோ, எப்போது இப்படி உடைந்தது? விடுப்பில் வந்துபோன ஒரு தடவைகூட அவன் இதைக் கவனிக்கவில்லையே! எந்தப் பென்ஷன் இதைத் திருப்பித் தரும்?

"மருதாசலம், நான் வரல. போய்ச் சொல்லிரு."

"பைத்தியக்காரா! வயசான காலத்துல கஞ்சிக்கு அழுவே."

"அழுதா இங்கியே அழுதுக்கறேன்."

மருதாசலம் எழுந்து தலைப்பாகையைக் கட்டிக்கொண்டான். பிறகு நண்பனின் தோளைத் தட்டி, "போயிட்டு வாரேன் அம்மிணி" என்று சொல்லிவிட்டு வாசலில் இறங்கினான். வண்டித்தடத்தில் அவன் தலைப்பாகை சிறுத்துக்கொண்டே போயிற்று. இனிக் கூப்பிட்டாலும் அவனுக்குக் கேட்காது என்று ஆனபிறகு, ராசப்பன் கதவைச் சாத்தினான்.