பனையேறும் மரநாய்

என் கையால் செய்ததில் உருப்படியானது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ஒரு மரநாய். நான் போட்ட கோலம் எல்லாம் கோணல்தான். நான் தைத்த ரவிக்கை எனக்கே சேராது. ஆனால் செத்த விலங்கின் தோலை உரித்துப் பதப்படுத்தி, உள்ளே கம்பியும் தேங்காய் நாரும் கட்டி, உயிரோடு இருப்பதுபோல் நிறுத்துவதில் எண்பதுகளில் எங்கள் பக்கத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் கிடையாது.

திண்டிவனத்தில் எங்களுடையது நயினார் வீடு. சமணர்கள். பொழுது சாய்ந்துவிட்டால் சாப்பாடு கிடையாது. கிழங்கு வகை எதுவும் வாசல்படி தாண்டி உள்ளே வராது. அப்பா மல்லாட்டை வியாபாரி, வேர்க்கடலை மண்டி வைத்திருந்தார். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில், பாடம் செய்த விலங்குகளின் காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் தற்காலிக வேலை எனக்குக் கிடைத்தபோது, அம்மா அழுதாள். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"போ. ஆனா உன் கையால ஒரு உசுரு போவக்கூடாது. போச்சுன்னா அன்னிக்கே வேலைய வுட்டுடணும்."

சரி என்றேன். காட்சியகத்தில் அப்போது இருந்தவை வழுக்கைக் கீரி ஒன்றும் கால் ஒடிந்த கொக்கு ஒன்றும்தான். பல்கலைக்கழகக் குழு பார்வையிட வரப்போகிறது, அதற்குள் நம் பக்கத்து விலங்கு ஒன்றைப் புதிதாகச் செய்து நிறுத்தினால் வேலை நிரந்தரம் என்றார் துறைத்தலைவர்.

"கண்ணி வெக்கற ஆளு இருக்கான். நீ ஊம்னு சொன்னா நாளைக்கே முயல் வந்துடும்."

"தானா செத்ததுதான் சார் வேணும்."

"அப்ப காத்துக்கினே இரு. குழு வந்துட்டுப் போவட்டும், நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

காத்திருந்தேன். தினமும் பேருந்தில் ஜன்னலோரம் பிடித்து, சாலையில் காக்கை கூடுகிற இடத்தையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். சாவுக்குக் காத்திருப்பதும் பாவமா என்று அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும்.

பங்குனியில் ஒரு காலை, விக்கிரவாண்டிக்குக் கொஞ்சம் முன்னால், பனைமரங்களை ஒட்டிச் சாலையோரத்தில் அந்த மரநாய் கிடந்தது. ராத்திரி ஏதோ லாரி அடித்துப் போட்டிருக்கிறது. தோல் கிழியவே இல்லை. "நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"என்னாம்மா, வாந்தியா?" என்றார் கண்டக்டர்.

காணைக்குப் போகிற விவசாயி ஒருவரிடம் காலி உரச்சாக்கு இருந்தது. கெஞ்சி வாங்கி, மரநாயை அதில் போட்டுக் காலடியில் வைத்துக்கொண்டேன். விக்கிரவாண்டியில் ஏறிய அம்மாள் மூக்கைப் பொத்தியபடி, "யாரும்மா அது, காலங்காத்தால கருவாடு எடுத்துக்கினு வர்றது?" என்றாள். முட்டையைக்கூடத் தொட்டறியாத நயினார் வீட்டுப் பெண் நான், கம்பீரமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

கல்லூரியில் வேறொரு சிக்கல் காத்திருந்தது. மரநாயின் ரோமத்துக்குள் தெள்ளுப்பூச்சியும் உண்ணியும் அப்பிக் கிடந்தன. மருந்தில் நனைத்த பஞ்சோடு பெட்டியில் போட்டு மூடினால் எல்லாம் சுருண்டு விழும். ஜல்தியாகத் தோலை உரிக்கலாம். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு அப்பாவின் முகம் முன்னால் வந்து நின்றது.

உடலைப் புங்கமரத்தடியில் ஈரச்சாக்கில் கிடத்தினேன். உடல் ஆறியதால் தெள்ளுப்பூச்சிகள் தாமாகவே ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. உண்ணிகளை இடுக்கியால் மெல்ல எடுத்துப் புல்லில் விட்டேன். துறைத்தலைவர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அதுங்களுக்கு வேற நாயும் நீயே பாத்துக் குடுக்கப் போறியா? வெயில் ஏறினா மயிர் கழண்டுடும், தெரியுமில்ல?"

தெரியும். அதனால்தான் சாக்கில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தேன். கடைசி உண்ணி இறங்கியபோது உச்சிவேளை. தோலை உரிக்க வயிற்றுப் பக்கம் கை வைத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ரோமம் விரலோடு வந்துவிட்டது. கொஞ்சம் அழுதேன். பிறகு உப்பும் படிகாரமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வழுக்கை விழுந்த வயிற்றை வெளியே காட்ட முடியாது. நாலு காலில் நிறுத்தினால் குனிந்து பார்ப்பவன் கண்ணில் படும். அப்போது அது கிடந்த இடம் ஞாபகம் வந்தது. ஒரு பனந்துண்டு வாங்கி நட்டேன். மரநாயை அதன்மேல் ஏற்றினேன்: வயிறு மரத்தோடு ஒட்ட, நகங்கள் பனையில் பதிய, வால் தொங்க, தலையை மட்டும் திருப்பி, யாரோ வரும் சத்தம் கேட்டதுபோல். கண்ணாடிக் கண்களைப் பொருத்திவிட்டுப் பின்வாங்கி நின்று பார்த்தேன். நெஞ்சு நிறைந்துவிட்டது.

குழுவினர் மற்ற அலமாரிகளை விட்டுவிட்டு அதன் முன்னாலேயே நின்றார்கள். இத்தனை இயல்பான நிலையை எப்படி யோசித்தீர்கள் என்று கேட்டார்கள். துறைத்தலைவர், "எங்க பொண்ணு சார் அவங்க" என்றார். வேலை நிரந்தரமாயிற்று.

ஆனால் அப்பா பார்க்கவில்லையே. அவர் போதும் என்றால் எல்லாம் போதும்; என் கையால் ஓர் உயிர் போனால் வேலையை விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்தவள் நான். மண்டி விடுமுறை நாளில் கூட்டிக்கொண்டு போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மரநாயைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"யாரு கொன்னது?"

"லாரிப்பா."

"மேல இருந்த பூச்சிங்க?"

"இறக்கி வுட்டுட்டேன்."

நம்பினாரா என்று தெரியவில்லை. கன்னத்தைப் பனையோடு ஒட்டவைத்து, மரத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் பார்த்தார். குழுவினர் யாரும் அங்கே பார்க்கவில்லை.

"இங்க மயிரே இல்லியே?"

"அதுங்க எல்லாம் இறங்கற வரைக்கும் உச்சி வெயிலாயிடுச்சுப்பா. அதுல கழண்டுடுச்சு."

அப்பா நிமிரவே இல்லை. அந்த வெற்றுத்தோலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வெளியே நடந்தார். நான் கதவைப் பூட்டிக்கொண்டு வருவதற்குள் வாசல் காவலாளியிடம் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"உள்ள மரநாய் ஒண்ணு இருக்குது, போய்ப் பாருங்க. அடியில வயித்தையும் பாருங்க. எம் பொண்ணு செஞ்சது."