கண்ணாடிக்காரி மாற்றி வாசித்த முடிவு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் பின்னால்தான் எங்கள் தையல் அறை. கிழிந்த படுக்கை விரிப்பு, பொத்தான் தெறித்த நோயாளிச் சட்டை, நாடா அறுந்த ஆபரேஷன் அங்கி எல்லாம் சூடு ஆறாமல் கூடையில் வந்து விழும். மூன்று பேர் தைப்போம். நான்காவது மெஷின் ஓடாது. அதன் தலையில் டீ டம்ளர்களைக் கவிழ்த்து வைத்திருப்போம்.

மூன்று பேரில் நான் மூத்தவள். புருஷன் செத்த பிறகு வேலைக்கு வந்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. பெரியக்கா என்று கூப்பிடுவார்கள். மரியாதையெல்லாம் இல்லை, என் வாய்க்குப் பயம். இரண்டாமவள் குண்டூசி. உதட்டில் எந்நேரமும் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு, அவற்றைக் கீழே விடாமலே ஊர் வம்பு முழுவதும் பேசுவாள். மூன்றாமவள் கண்ணாடிக்காரி. இது அவள் கதை.

நாற்பதை எட்டப்போகிறவள். கல்யாணம் ஆகவில்லை. சோடாபுட்டிக் கண்ணாடி. புத்தகம் என்றால் உயிர். பஸ் நிறுத்தத்துப் பக்கம் இருக்கும் வாடகைப் புத்தகக் கடையில் புதிதாக என்ன நாவல் வந்தாலும் முதலில் இவள் கைக்குத்தான் வரும். எல்லாம் பொம்பளைகள் கதை. பெரிய குடும்பம் இருக்கும், பூட்டிய அறை இருக்கும், யாரோ எதையோ மறைத்திருப்பார்கள். அட்டையில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். முகத்தைக் காட்டினால் கதை முடிந்துவிடுமோ என்னவோ.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவள் தையலை நிறுத்திவிட்டு வாசிப்பாள். அவள் பங்குத் துணியை நானும் குண்டூசியும் பிரித்துக்கொள்வோம். சாயங்காலம் கூடை காலியாகிவிடுவதால் சூப்பர்வைசரும் கண்டுகொள்ளவில்லை. அவள் வாசித்தால் அந்த வீட்டுக்குள் நாமே செருப்போடு நுழைந்த மாதிரி இருக்கும். ஒரு கதையில் ஒருவன் பெண்டாட்டிக்குப் பைத்தியம் என்று ஊரை நம்பவைத்து அவளை மாடியறையில் பூட்டி வைத்தான். கேட்கக் கேட்க வந்த ஆத்திரத்தில் தலையணை உறையின் வாயையே சேர்த்துத் தைத்துவிட்டேன்.

"பெரியக்கா, அந்த உறைக்குள்ள தலையணை எப்படிப் போகும்?" என்றாள் குண்டூசி.

"தலையணை எதுக்கு? அவன் தலைய உள்ள திணிச்சுத் தைக்கணும்" என்றேன்.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. பாதிக் கதையில் கண்ணாடிக்காரி புத்தகத்தை மூடி, "சொல்லுங்க பார்ப்போம், என்ன ரகசியம்?" என்பாள். நானும் குண்டூசியும் ஆளுக்கொன்று சொல்வோம். யார் சொன்னது தப்போ அவள் டம்ளர் கழுவ வேண்டும். கழுவுவது எப்போதும் நான்தான். குண்டூசி தோற்று நான் பார்த்ததில்லை. கண்ணாடிக்காரி மட்டும் கடைசிப் பக்கத்தை முன்கூட்டிப் பார்க்கவே மாட்டாள். "தெரிஞ்சுபோச்சுன்னா என் குரல் காட்டிக் குடுத்துடும் பெரியக்கா. நானும் உங்களோட சேர்ந்துதான் அழணும்" என்பாள்.

இப்போது ஊருக்கே தெரிந்ததை நான் மூடி வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக்காரி அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணனுக்கு ஒரே மகள். அந்தப் பெண் பிறந்தது அண்ணியின் வயிற்றில் இல்லை, இவள் வயிற்றில். சின்ன வயதில் எவனோ ஒருவன் ஆசை காட்டிவிட்டுக் கம்பி நீட்டிவிட்டான். அண்ணிக்குக் குழந்தை இல்லை. இரண்டு பொம்பளைகளும் சில மாதம் வெளியூரில் இருந்துவிட்டு வந்தார்கள். வரும்போது குழந்தை அண்ணி கையில் இருந்தது. அண்ணன் ஒரே பேச்சில் முடித்தானாம்: "அத்தைன்னு இருக்கிற வரைக்கும் இது உன் வீடு. அதுக்கு மேல வாயத் திறந்தா, வாசல் எந்தப் பக்கம்னு உனக்கே தெரியும்."

இவள் திறக்கவில்லை. பெற்ற பிள்ளைக்குத் தலை வாரிவிட்டாள், காய்ச்சலுக்குக் கண் விழித்தாள், பள்ளிக்கூட வாசலில் காத்து நின்றாள். அந்தப் பெண் ஓடி வந்து "அத்தை" என்று கையைப் பிடிக்கும். இவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு வார்த்தைதான். அதுவும் போய்விடக் கூடாது என்கிற பயத்திலேயே இவளுக்கு முடி நரைத்தது.

அந்தப் பெண்ணுக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. அன்று கண்ணாடிக்காரி தரையில் நடக்கவில்லை. "யூனிஃபார்ம் அளவு எடுக்க இங்கதான் வருவா" என்று கூடை தூக்க வந்தவனிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் பாழாய்ப்போன நாவலும் வந்தது.

அதிலும் ஒரு பெரிய வீடு. அதில் ஒரு பெண் குழந்தை. கல்யாணம் ஆகாத ஒரு அத்தை. குழந்தைக்கு ஜுரம் வந்தபோது அந்த அத்தை விடிய விடிய உட்கார்ந்து ஈரத்துணி போட்டாள் என்று ஒரு அத்தியாயம். பாதியில் கண்ணாடிக்காரி வழக்கம்போலப் புத்தகத்தை மூடினாள்.

"அந்த அத்தைக்காரி மாடிப்படில வச்சு யாரையோ தள்ளிவிட்டிருக்கா" என்றேன் நான்.

குண்டூசி சிரித்தாள். "போங்க பெரியக்கா. அத்தைதான் அம்மா. ஜுரத்துலயே தெரிஞ்சுபோச்சே! பெத்தவளத் தவிர எவ அப்படி உக்காருவா?"

கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

மறுநாளிலிருந்து அவள் வாசிப்பு சரியில்லை. ஒரு வரி போவாள், நிற்பாள். பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பாள். கடைசியில் அந்த அத்தை தன் அண்ணனையே மாடிப்படியில் தள்ளிவிட்டவள் என்று கதையை முடித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல்முறையாக நான் ஜெயித்திருக்கிறேன்!

"அப்ப அந்த ஜுரம் எதுக்கு வந்துச்சு? இத எழுதினவனுக்குப் புத்தி கித்தி இருக்கா?" என்று முணுமுணுத்துக்கொண்டே குண்டூசி டம்ளர் கழுவினாள். கழுவிய வேகத்தில் ஒன்று நசுங்கியது.

முடிந்த புத்தகத்தைக் கண்ணாடிக்காரி மேசையிலேயே போட்டு வைப்பாள். குண்டூசி எடுத்து அட்டைப் படம் பார்ப்பாள். அன்றைக்கு அது நேராகப் பைக்குள் போனது. குண்டூசி அதைப் பார்த்துக்கொண்டாள். பார்த்தவள் சும்மா இருப்பாளா? கண்ணாடிக்காரி புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்ததும் கடைக்குப் போய் அதையே வாங்கி வந்தாள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஆனாலும் கடைசி அத்தியாயத்தைக் கூட்டிக் கூட்டி முடித்துவிட்டாள்.

காலையில் குழாயடியில் என்னைப் பிடித்தாள். "பெரியக்கா, நான்தான் ஜெயிச்சேன். அத்தைதான் அம்மான்னு அச்சுல போட்டிருக்கான். இவ மாத்தி வாசிச்சிருக்கா."

"சரி, ஜெயிச்ச. டம்ளர நானே கழுவுறேன். விடு."

"டம்ளர் கிடக்கட்டும். ஏன் மாத்தி வாசிச்சா?"

அவள் கண்ணைப் பார்த்தேன். பாதிக் கதையில் புத்தகம் மூடும்போது வருகிற அதே பளபளப்பு.

"இந்தா, கதை புஸ்தகத்தோட போகட்டும். மனுஷங்க மேல தூக்கிப் போடாத" என்றேன்.

"நான் என்ன சொல்லிட்டேன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அன்று மத்தியானமே அந்தப் பெண் அளவு கொடுக்க வந்தது. நல்ல பெண். சிரித்த முகம். அளவு எடுப்பது குண்டூசி வேலை. வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டு, தோளில் சாக்பீஸ் கோடு இழுத்து, ஊசி குத்திக்கொண்டே ஆரம்பித்தாள்.

"இடது தோள் ஒரு விரக்கடை இறக்கமா இருக்கே பாப்பா. உங்க அத்தைக்கும் நான்தான் கோட்டு தைச்சேன். அதே தோள், அதே இறக்கம்."

"அப்பாவோட தங்கச்சிதானே அக்கா, இருக்காதா?" என்றது பெண்.

"இருக்கும், இருக்கும். உங்கம்மாவுக்கு எப்படி?"

கண்ணாடிக்காரியின் மெஷின் நின்றது. "அளவு எடுத்தாச்சுன்னா விடு. அவளுக்கு வகுப்பு இருக்கு."

"நீ ஏன் பதறுற? புஸ்தகத்துலயும் இந்த இடத்துலதான் பதறுன."

"என்ன புஸ்தகம் அத்தை?" என்றது பெண், விளையாட்டாக.

"குண்டூசி, வாய மூடு!" என்று நான் கத்தினேன். அதற்குள் அவள் மேசைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பெண்ணின் கையில் வைத்துவிட்டாள். "கடைசி அத்தியாயம் வாசி பாப்பா. உங்க அத்தை எங்களுக்கு இத வேற மாதிரி வாசிச்சுக் காட்டினா. ஏன்னு நீயே கேளு."

ஊசி குத்திய சட்டையோடு நின்றபடியே பெண் வாசித்தது. முதலில் சிரிப்பு இருந்தது. பக்கம் திருப்பியதும் இல்லை. நிமிர்ந்து பார்த்தது.

"அத்தை... இத ஏன் மாத்தினீங்க?"

ஒரு பொய் போதும் அந்த இடத்தில். கண் தெரியவில்லை, தூக்கம், மறதி, என்னவாவது. இத்தனை வருஷம் தினமும் பொய்யில் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த நேரம் ஒன்று கிடைக்கவில்லை. பெண் அவள் தோளைப் பார்த்தது. தன் தோளில் இருந்த சாக்பீஸ் கோட்டைத் தொட்டுப் பார்த்தது. பிறகு அந்தச் சட்டையோடு அப்படியே வெளியே போய்விட்டது.

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். கையில் இருந்தால் விபரீதம். "இப்பக் குளிர்ந்துச்சாடி?" என்றேன் குண்டூசியிடம்.

"நான் என்ன பொய்யா சொன்னேன்?"

"பொய் சொல்லியிருந்தா தொலையுதுன்னு விட்டிருப்பேன்."

பெண் வீட்டில் போய்க் கேட்டது. அண்ணி மூர்ச்சை போட்டு விழுந்தாள். அண்ணன் இவள் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தான், சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். கண்ணாடிக்காரி என் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள். முழுக் கதையையும் என்னிடம் அழாமல் சொன்னாள். சொல்லி முடித்து, "ஒரு விதத்துல நல்லதாப் போச்சு பெரியக்கா. அவளுக்குத் தெரிஞ்சுபோச்சில்ல, வருவா" என்றாள்.

அந்த நாவலில் பெண் வருகிறதாம். மழையில் நனைந்துகொண்டு வந்து அத்தையைக் கட்டிக்கொண்டு, அம்மா என்று அழுகிறதாம். குண்டூசி எனக்குச் சொன்னாள். அந்த இடத்தை வாசிக்கும்போது தனக்கு அழுகை வந்துவிட்டது என்றும் சொன்னாள். புத்தகத்தில் இருக்கிறவளுக்கு அழ இவளிடம் கண்ணீர் கொட்டிக் கிடக்கிறது. பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு மட்டும் வற்றிவிட்டது.

பெண் வரத்தான் வந்தது. மழை இல்லை. நல்ல வெயில். தையல் அறை வாசலிலேயே நின்றது. உள்ளே வரவில்லை.

"இவ்வளவு வருஷம் கூடவே இருந்தீங்க. ஒரு தடவைகூட சொல்லணும்னு தோணலையா?"

"தோணாத நாளே இல்லடா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா உன்னப் பாக்க விடமாட்டாங்க."

"உங்களுக்குப் பாக்கணும், அதானே? என்னப் பத்தி யாருமே யோசிக்கல." பெண்ணுக்குக் குரல் உடைந்தது. சரிப்படுத்திக்கொண்டது. "அம்மா இன்னும் சரியாச் சாப்பிடல. எனக்கு அவங்கதான் அம்மா. நீங்க அம்மா இல்ல. அத்தைன்னும் இனிமே கூப்பிட வரல. எதுவும் வேணாம். வழில பாத்தா பேசாதீங்க."

சட்டையை வாசற்படி மேல் வைத்துவிட்டுப் போனது. ஊசி ஒன்றுகூடக் கழற்றப்படாமல் அப்படியே இருந்தது.

கண்ணாடிக்காரி அதை எடுக்கப் போகவில்லை. நான்தான் எடுத்தேன். கையில் குத்தியது.

"அந்தப் புள்ளைக்குக் கல் மனசு. கதைல வர்றவ எவ்வளவு நல்லவ" என்றாள் குண்டூசி.

நான் அப்போது சொன்னதை இங்கே சொல்ல முடியாது. அதன் பிறகு அவள் ரொம்ப நாள் என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

கண்ணாடிக்காரி இப்போதும் நாவல் எடுத்து வருகிறாள். மத்தியானம் வாசிக்கிறாள். அச்சில் இருப்பதை ஒரு எழுத்து மாற்றாமல், ரயில் நேரம் அறிவிப்பவள் மாதிரி வாசிக்கிறாள். வெளி நடையில் பயிற்சி நர்ஸ் பெண்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டு போகும்போது மட்டும் வரியை நடுவில் விட்டுவிட்டு நிமிர்வாள். கூட்டம் போய்விடும். விட்ட இடம் தெரியாமல் பக்கத்தில் விரலை வைத்துத் தேடுவாள்.

பாதிக் கதையில் புத்தகத்தை மூடுவதில்லை. ரகசியம் என்ன என்று யாரையும் கேட்பதில்லை. டம்ளரை அவரவரே கழுவிக்கொள்கிறோம்.