பின்னால் கட்டிய கார்

என் வீட்டுக்காரருக்கு முன்னால் நடக்கத்தான் தெரியும். மார்க்கெட்டானாலும் கோயிலானாலும் அவர் பத்தடி முன்னே, நான் பின்னே. திரும்பிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. அவர் அப்பாவும் அப்படித்தான், சேக்காட்டில் எங்கள் தெருவே அப்படித்தான். ஒருமுறை பாதி வழியில் செருப்பு அறுந்து நான் நின்றுவிட்டேன். அவர் பாட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்து, உட்கார்ந்து, டீ கேட்டிருக்கிறார். யாரிடம் கேட்டார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இப்படிப்பட்ட மனுஷர், அம்பத்தூர் பட்டறை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கிவந்தார். சீட்டுகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் தானே வைத்து அதை ஒரு வீடாக்கினார். அதில் ராமேஸ்வரம் போவதாகத் திட்டம். நான் வந்தால் என் காரும் வர வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

கார் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, நான்கு பேர் நெருக்கியடித்து உட்காரும் பழைய வண்டி. ஆனால் என் பெயரில் இருக்கிறது. ஐம்பது வயசுக்கு மேல் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கியவள் நான். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி வரைக்கும், இரண்டு பக்கமும் கடல் இருக்கிற அந்த ரோட்டில், ஒரே ஒருமுறை நானே ஓட்டிப் போக வேண்டும் என்பது என் ஆசை. அவரோ என்னைக் காய்கறிக் கடையைத் தாண்டி விட்டதில்லை. மெயின் ரோடு லாரிக்காரர்கள் எனக்காகவே காத்திருப்பதாக அவர் எண்ணம்.

கடைசியில் வேனுக்குப் பின்னால் காரைக் கட்டி இழுப்பது என்று முடிவானது. வேப்பம்பட்டில் இருக்கும் என் நாத்தனார் வீடுவரை முதலில் வெள்ளோட்டம். ஒழுங்காக வந்தால் கார் ராமேஸ்வரம் வரும், இல்லையென்றால் உறை போட்டு வீட்டிலேயே கிடக்கும்.

காரை எப்படி இழுக்க வேண்டும் என்று அவரே தெருவுக்கெல்லாம் பாடம் எடுத்தவர்தான். இரும்பு ராடு வேண்டும், அது விட்டாலும் பிடித்துக்கொள்ளச் சங்கிலி வேண்டும், பின்னால் சிவப்பு விளக்கு வேண்டும். ராடை வெட்டியும் வைத்துவிட்டார், வெல்டிங்தான் பாக்கி. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். சூடம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. வைத்த பழத்தை எடுக்கக் கூடாதாம். போர்வெல் மோட்டார் இறக்கின நைலான் கயிற்றை எடுத்து வந்து கட்டினார். கயிறு தாங்காது என்று நான் மூன்று தரம் சொன்னேன். மோட்டாரையே தாங்கின கயிறு உன்னைத் தாங்காதா என்று கேட்டுவிட்டு ஏறிவிட்டார்.

காரில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிப்பது என் வேலை. என்னை ஓட்டவிடப் பயம், இழுத்துப்போகப் பயமில்லை. பெட்ரோல் வீண் என்று இஞ்சினை வேறு போடக் கூடாது என்றார். இஞ்சின் ஓடாமல் பிரேக்கோ மிதித்தால் கருங்கல்லாக இருந்தது. நிற்க வேண்டுமானால் நான் ஒரு ஹாரன் அடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. திருவள்ளூர் ரோட்டில், வெள்ளிக்கிழமை காலையில், ஹாரன்.

தண்டுரை தாண்டுவதற்குள் பஸ், ஆட்டோ, தண்ணி லாரி என்று எது ஹாரன் அடித்தாலும் அவர் நின்று நின்று போனார். நான் அடித்தது ஒன்றுகூட இல்லை. அப்புறம் அவருக்கே சலித்துவிட்டது, எவன் அடித்தாலும் நிற்கவில்லை.

பட்டாபிராம் வேகத்தடையில் வேன் ஏறி இறங்கியது. கயிறு தொய்ந்து, வெடுக்கென்று இழுத்து, பட்டென்று அறுந்தது. கார் தானாக உருண்டுபோய் ஒரு டீக்கடைமுன் நின்றது. ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். என் வீடு கட்டிலோடும் அடுப்போடும் மேற்கே போய்க்கொண்டே இருந்தது.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, உன்ன உட்டுட்டு அவரு பாட்டுக்குப் போய்கினே கீறாரு?"

எனக்கு அழுகை வந்தது, அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. இங்கேயே இருந்தால் அவர் வேப்பம்பட்டில் சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் என் ஞாபகம் வரும். வெள்ளோட்டம் தோற்றது, கார் உறைக்குள் போகும், தனுஷ்கோடியும் போச்சு. மிச்சக் கயிற்றைப் பம்பரில் சுற்றி முடிந்தேன். சாவியைத் திருப்பினேன். பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அந்தப் பயத்தோடுதான் மெயின் ரோட்டில் ஏறினேன். எனக்காகக் காத்திருந்த லாரி ஒன்றையும் காணோம். அவரவருக்கு அவரவர் வேலை.

நெமிலிச்சேரிக்கு முன்னாலேயே வேன் தெரிந்துவிட்டது, பின்னால் கார் வருகிற நினைப்பில் ஊர்ந்துகொண்டிருந்தது. வலது பக்கம் ஏறி, ஹாரன் அடித்து, முந்தினேன். யார் என்று பார்க்காமலே அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார்.

"ஊட்ல சொல்லிக்கினு வந்தியா?"

இந்த ரோட்டில் தாறுமாறாக வருகிற எல்லாருக்கும் கிடைக்கிற ஆசீர்வாதம் அது. அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். எதிரே இருந்த ரோட்டைப் பார்த்தார். பிறகு, கல்யாணமாகி முதல்முறையாக, கழுத்தை முழுசாக வளைத்துப் பின்னால் பார்த்தார். அங்கே அரை முழக் கயிறுதான் ஆடிக்கொண்டிருந்தது.

"சொல்லிக்கினுதான் வந்தேன்," என்றேன். "ஊட்லதான் யாரும் காதுல வாங்கல."

ஓரம் கட்டினோம். இறங்கி அறுந்த நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பட்டாபிராம் தாண்டியதும் இஞ்சின் திடீரென்று நன்றாக இழுத்ததாம், தான் செய்த வேலையின் நேர்த்தி என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே வந்தாராம். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நாத்தனார் வீட்டில் சாப்பிட்டுக் கிளம்பும்போது அவர் ராடு பேச்சையும் எடுக்கவில்லை, கயிறு பேச்சையும் எடுக்கவில்லை, காருக்கு உறை போடுகிற பேச்சையும் எடுக்கவில்லை. காருக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "நீ முன்னால போ, நான் பின்னால வரேன்," என்றார்.

முன்னால் போவது ஒன்றும் பெரிய வித்தையில்லை என்று அன்று தெரிந்தது. சேக்காடு வந்து சேரும்வரை கண்ணாடியில் வேன் தெரிகிறதா என்று அடிக்கொரு தரம் பார்த்தேன். அவ்வளவுதான் வேலை.