சாப்பாட்டு வேளைச் சோதனை

வெடியக்கா என்று பெயர் வைத்தவர்கள் எல்லாம் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். இருபது வருடமாக ஆலை ஆலையாகப் போய், சூட்டைப் படம் பிடிக்கும் கேமராவால் மின்பெட்டிகளைச் சோதிப்பதுதான் அவள் பிழைப்பு. தளர்ந்த நட்டு, அரைகுறையாக முறுக்கிய ஒயர் எல்லாம் தீப்பிடிப்பதற்கு முன்னால் சூடேறும். அந்தச் சூடு கண்ணுக்குத் தெரியாது, கேமராவில் தெரியும். அதுவும் மெஷின்கள் ஓடினால்தான். இதைத் தெரிந்துகொண்டே சாப்பாட்டு வேளைக்கு வரச் சொல்லும் அயோக்கியர்கள் உண்டு. அன்று அப்படி வரச் சொன்னவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

அந்தத் தையல் ஆலையில் அவன் மேலாளர். இருநூறு பெண்கள் வேலை செய்யும் கூடத்துக்கு ஒரே வாசல், வாசலை ஒட்டியே மின்பெட்டி. பெட்டி பற்றிக்கொண்டால் ஒருத்தியும் வெளியே வர முடியாது.

“மெஷினெல்லாம் நின்னு கெடக்கு. எதைடா பாக்கறது?”

“பெட்டியப் பாரு, நல்லா இருக்குன்னு எழுதிக் குடு, கெளம்பு. இன்னிக்கு சரக்கு ஏத்தணும்.”

“கரண்டே ஓடாம சூடு எங்கேருந்து வரும்?”

“எல்லாரும் இப்படித்தான் பாத்துட்டுப் போறாங்க. உனக்கு மட்டும் என்ன கொம்பா மொளைச்சிருக்கு?”

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். மணியடித்தது, பெண்கள் திரும்பி வந்தார்கள், மெஷின்கள் ஓடத் தொடங்கின. முக்கால் மணி நேரம் பொறுத்து, கையுறை மாட்டிப் பெட்டியைத் திறந்து கேமராவைப் பிடித்தாள். மூன்று இணைப்புகளில் இரண்டு நாற்பது டிகிரி. மூன்றாவது நூற்று முப்பது.

“நிறுத்துடா.”

“சாயங்காலம் பாத்துக்கலாம்.”

அவள் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டாள். கூடம் இருண்டது. தம்பி கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

“வெளிய போ! இனிமே என் வீட்டு வாசப்படிய மிதிக்காத!”

பெண்களும் சும்மா இருக்கவில்லை. நின்றுபோன நேரத்தை ஈடுகட்ட இருட்டும்வரை உட்கார்ந்து தைக்க வேண்டுமே என்ற எரிச்சல் அவர்களுக்கு. “வந்துட்டா பாரு மகராசி” என்று ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள்.

மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சூடு ஆறியதும் நட்டைக் கழற்றினாள். ஒயரின் மேலுறை கருகிப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதை அள்ளித் தம்பியின் உள்ளங்கையில் கொட்டினாள். முகம் வெளிறிப் போயும் அவனுக்கு வாய் அடங்கவில்லை.

“சாயங்காலம் வரைக்கும் தாங்கியிருக்கும்.”

அறிக்கையில் டிகிரியை எழுதினாள். நிறுத்த மறுத்தவர் மேலாளர் என்றும் எழுதினாள்.

“அக்கா, அந்த வரி மட்டும் வேணாம்க்கா. வேலை போயிடும்.”

“போகட்டும். உயிர் போகலல்ல?”

கையெழுத்துப் போட்டாள். அவன் வேலை போயிற்று. இரண்டு வருடமாகத் தம்பி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தப் பெண்களும் பேருந்து நிறுத்தத்தில் அவளைக் கண்டால் தள்ளிப்போய் நிற்கிறார்கள். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. எரியாத கூடத்தை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவாள்?